விரிதாளில் எண்ணும் சித்திரமும்

கட்டம் போட்ட தாளில் கணக்கெழுதும் வழக்கம் மிகப் பழையது. அத்தாளைக் கணிப்பொறித் திரையில் ஏற்றித் தானே கணக்கிடச் செய்த புதுமை 1979-ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. டான் பிரிக்லின், பாப் பிராங்க்ஸ்டன் ஆகிய இருவரும் அமெரிக்காவில் உருவாக்கிய ‘விசிகால்க்’ என்னும் அந்த விரிதாளில் எண்ணும் எழுத்துமே இடம்பெற்றன. இன்றைய எக்செல் விரிதாளிலோ செவ்வகம், வட்டம், கோடு, அம்பு முதலிய வடிவங்களையும் வரையலாம். வரைந்த வடிவத்தையும் கட்டத்திலுள்ள எண்ணையும் பிழையின்றி இணைப்பது எங்ஙனம் என்பதை ஈண்டுக் காண்போம்.

இரண்டு தளங்கள்

விரிதாளில் இரண்டு தளங்கள் உண்டு. கீழே இருப்பது கட்டங்களின் தளம். எண்களும் வாய்பாடுகளும் அங்கேதான் வாழ்கின்றன. அதன்மேல் கண்ணாடித் தகடு விரித்தாற்போல இருப்பது சித்திரத் தளம். நாம் வரையும் வடிவம் எந்தக் கட்டத்திற்குள்ளும் இல்லை, கட்டங்களின்மேல் மிதக்கிறது. ஆதலால் வண்ணம் நிரம்பிய வடிவம் தன் கீழுள்ள எண்ணை மறைத்துவிடும். மறைந்த எண்ணோ அழிவதில்லை. கூட்டுத்தொகையில் தொடர்ந்து சேர்ந்துகொண்டே இருக்கும். எண் கண்ணுக்குத் தெரியவேண்டுமாயின் வடிவத்திற்கு ‘நோ ஃபில்’ என்னும் கட்டளையைத் தந்து, வெறும் வெளிக்கோடாக ஆக்கிக்கொள்ள வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு

மேட்டூர் அணையை எடுத்துக்கொள்வோம். 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட இவ்வணையின் முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. காவிரிப் பாசனத்திற்கு ஜூன் 12-இல் இவ்வணையைத் திறப்பது மரபு. அந்நாள் நெருங்கும்போது டெல்டா உழவர்கள் அணையின் நீர்மட்டத்தை நாள்தோறும் கவனிப்பர் என்பது யாவரும் அறிந்ததே. அந்த நிலையைக் காட்டும் படத்தை விரிதாளில் அமைப்போம்.

பி2 கட்டத்தில் அளவெடுத்த தேதியையும், பி3-இல் நீர்மட்டத்தையும், பி4-இல் நீர் இருப்பையும் இடுக. சி8 முதல் சி19 வரையுள்ள பன்னிரண்டு கட்டங்களில் மேலிருந்து கீழாக 110, 100, 90 என்று பத்துப் பத்தாகக் குறைத்து 0 வரை எழுதுக. அருகிலுள்ள டி8 முதல் டி19 வரையிலான கட்டங்களே நமது நீர்த்தேக்கம். ஒவ்வொரு கட்டமும் பத்து அடி நீரைக் குறிக்கும்.

இனி ‘கண்டிஷனல் ஃபார்மேட்டிங்’ வாயிலாக அக்கட்டங்களுக்கு ஒரு விதி கொடுக்க வேண்டும். பி3-இன் மதிப்பு அந்தந்த வரிசையின் சி கட்டத்து எண்ணைவிட மிகுதியானால் கட்டம் நீலமாகட்டும் என்பதே அவ்விதி. நீர்மட்டம் 100 அடி என்று இட்டால் கீழிருந்து பத்துக் கட்டங்கள் நீலமாகும். மேலிரண்டும் வெறுமையாக நிற்கும். பின்னர் அக்கட்டங்களைச் சுற்றி நிரப்பில்லாத செவ்வகம் ஒன்றை வரைக. ஆல்ட் விசையை அழுத்தியபடி இழுத்தால் செவ்வகத்தின் ஓரங்கள் கட்டக்கோடுகளில் ஒட்டி நிற்கும். இப்போது நீர் கட்டங்களில் இருக்கிறது. கரை சித்திரத்தில் இருக்கிறது.

வடிவத்திற்குள் எண்

படத்தின்மேல் “நீர்மட்டம் 100.00 அடி” என்று காட்ட விரும்பினால் அதனை வடிவத்திற்குள் கையால் எழுதுதல் கூடாது. முதலில் பி5 கட்டத்தில்

="நீர்மட்டம் "&டெக்ஸ்ட்(பி3,"0.00")&" அடி"

என்று வாய்பாடு அமைக்க வேண்டும். (கட்டப் பெயரையும் டெக்ஸ்ட் என்னும் சொல்லையும் ஆங்கில எழுத்தில் தட்டுக.) அச்சொல் இல்லாவிடில் தசமப் புள்ளிக்குப் பின்னுள்ள சுழிகள் தோன்றா. பிறகு வேறொரு வடிவத்தை வரைந்து, அதனைத் தேர்ந்த நிலையிலேயே மேலேயுள்ள வாய்பாட்டுப் பட்டையில் சமக்குறி இட்டு, பி5 கட்டத்தைச் சொடுக்கி, என்ட்டர் விசையை அழுத்துக. வடிவத்தில் கட்டத்தின் வாசகம் தோன்றும். கட்டம் மாறினால் வடிவமும் மாறும். வடிவம் ஒரு கட்டத்தின் முகவரியை மட்டுமே ஏற்கும். வாய்பாட்டை நேரே ஏற்காது. அதனால்தான் பி5 தேவைப்பட்டது.

வரிசையின் உயரத்தை மாற்றும்போது கரைச் செவ்வகமும் உடன் நீள வேண்டுமாகையால் அதற்கு ‘மூவ் அண்ட் சைஸ் வித் செல்ஸ்’ என்னும் பண்பு பொருந்தும். வாசகம் தாங்கிய வடிவமோ இடம் மட்டும் பெயர்ந்தால் போதும். அதற்கு ‘மூவ் பட் டோன்ட் சைஸ் வித் செல்ஸ்’ என்பதே தகும்.

எச்சரிக்கைகள் இரண்டு

தேதியைக் காட்டுவதற்குக் கணிப்பொறியின் ‘டுடே’ வாய்பாட்டைப் பயன்படுத்தலாகாது. நேற்றைய அளவை மாற்ற மறந்தாலும் அது இன்றைய தேதியைக் காட்டிவிடும். பழைய எண்ணுக்குப் புதிய தேதி என்பது பொய்ச்சான்று போன்றது. எனவே அளவெடுத்த தேதியையே பி2-இல் இட்டு, மற்றொரு வடிவத்தை அதனோடு இணைக்க வேண்டும்.

அடுத்தது இன்னும் நுட்பமானது. 100 அடியில் நமது படம் ஆறில் ஐந்து பங்கு, அதாவது 83 விழுக்காடு நிறைந்து நிற்கும். ஆனால் அம்மட்டத்தில் அணையிலிருக்கும் நீரோ சுமார் 65 டி.எம்.சி.; கொள்ளளவில் 70 விழுக்காடே. நீர்த்தேக்கம் மேலே செல்லச் செல்ல அகன்று விரிவதே இதற்குக் காரணம். நேர்ச்சுவர் கொண்ட செவ்வகம் இவ்வுண்மையைக் காட்டாது. ஆகவே பி6-இல் நீர் இருப்புக்கும் ஒரு வாசகம் அமைத்து, அதனையும் தனி வடிவத்தில் காட்டுதல் இன்றியமையாதது.

படம் கண்ணைக் கவரும். கண் கண்டதை மனம் நம்பும். அந்த நம்பிக்கைக்கு உரியதாகப் படம் விளங்கவேண்டுமாயின் எண் கட்டத்தில் இருக்கட்டும். சித்திரம் அதனைக் காட்டும் சாளரமாக மட்டும் இருக்கட்டும். வருகைப் பதிவு, வரவு செலவு, ஆய்வு முடிவு என எதனைப் படமாக்கினும் மாணவர்கள் இந்நெறியைக் கைக்கொள்வார்களாக.