பேட்டரியில் 12 வோல்ட் இருந்தும் கார் கிளம்பாதது ஏன்?

சென்ற மாதம் ஒரு திங்கட்கிழமை காலை. பள்ளிக்குக் கிளம்ப வேண்டும். சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரே ஒரு சத்தம். அதற்கு மேல் ஒன்றுமில்லை. காருக்குள் விளக்கு எரிகிறது, வானொலி பாடுகிறது. வீட்டில் இருந்த மல்டிமீட்டரைக் கொண்டுவந்து பேட்டரியின் இரு முனைகளிலும் வைத்துப் பார்த்தேன். 12.5 வோல்ட். "பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது, ஸ்டார்ட்டர் மோட்டார்தான் போய்விட்டது" என்று மனைவியிடம் அடித்துச் சொன்னேன். படிவம் ஐந்து மாணவர்களுக்கு மின்னியல் நடத்துகிறவன் சொன்னால் சரியாகத்தானே இருக்கும்!

பட்டறையிலிருந்து வந்த பெரியவர் கையடக்கமான சோதனைக் கருவி ஒன்றை மாட்டினார். பேட்டரியின் மேல் 300 சிசிஏ என்று அச்சிட்டிருந்தது. கருவி காட்டியதோ 60. "வோல்ட் இருக்கு வாத்தியாரே, ஆனா தம் இல்ல" என்றார். புது ஸ்டார்ட்டர் வாங்கும் செலவு மிச்சமானது. அவர் சொன்ன அந்தத் 'தம்' என்ன என்பதுதான் இன்றைய பாடம்.

மின்னூட்டத்தின் அலகு கூலோம். ஒரு வினாடியில் ஒரு கூலோம் கடந்து சென்றால் அந்த மின்னோட்டம் 1 ஆம்பியர். ஒவ்வொரு கூலோமும் ஒரு ஜூல் ஆற்றலைச் சுமந்து சென்றால் மின்னழுத்தம் 1 வோல்ட். வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட், அதாவது ஒரு வினாடியில் செலவாகும் ஆற்றல். கார் பேட்டரிக்குள் ஆறு அறைகள் வரிசையாக இணைக்கப்பட்டுள்ளன. ஒவ்வொன்றும் சுமார் 2.1 வோல்ட். ஆகவே முழுமையாக மின்னேற்றிய '12 வோல்ட்' பேட்டரி உண்மையில் 12.6 வோல்ட் காட்டும்.

இனி என் காருக்கு வருவோம். எந்தப் பேட்டரிக்கும் உள்தடை உண்டு. நல்ல நிலையில் உள்ள சிறிய கார் பேட்டரிக்கு அது ஏறக்குறைய 0.01 ஓம். எஞ்சினைச் சுழற்ற ஸ்டார்ட்டர் 120 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உள்தடையில் வீணாவது 120 × 0.01 = 1.2 வோல்ட். மீதம் 11.4 வோல்ட் ஸ்டார்ட்டருக்குப் போகிறது. திறன் 11.4 × 120, சுமார் 1,370 வாட். எஞ்சின் உடனே பிடித்துக்கொள்ளும்.

பேட்டரி முதுமையடைந்து உள்தடை 0.05 ஓம் ஆகிவிட்டால்? ஸ்டார்ட்டரின் தடையை 0.095 ஓம் என்று கொண்டால் (11.4 ÷ 120), மொத்தத் தடை 0.145 ஓம். 12.5 வோல்ட்டை அதனால் வகுத்தால் கிடைக்கும் மின்னோட்டம் 86 ஆம்பியர்தான். ஸ்டார்ட்டருக்குக் கிடைக்கும் மின்னழுத்தம் சுமார் 8.2 வோல்ட், திறன் ஏறக்குறைய 700 வாட். பாதிக்குப் பாதி போய்விட்டது! ஆனால் அதே பேட்டரியில் 5 வாட் உள்விளக்கு இழுப்பது வெறும் 0.4 ஆம்பியர். அதற்கு உள்தடையில் இழப்பாவது 0.02 வோல்ட். விளக்குக்கு அது தெரியவே தெரியாது. மல்டிமீட்டரோ கிட்டத்தட்ட ஒன்றுமே இழுப்பதில்லை. நான் ஏமாந்தது இங்கேதான்: சுமை இல்லாதபோது அளந்துவிட்டு, சுமை ஏறியபோது என்ன ஆகும் என்று முடிவு கட்டினேன்.

உங்கள் கார் இப்படி நின்றால் ஒரு சுலபமான சோதனை உண்டு. முன்விளக்கைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். விளக்கு மங்கி அணையப் பார்த்தால் பேட்டரியைச் சந்தேகியுங்கள். மங்காமல் அப்படியே எரிந்தால் ஸ்டார்ட்டர் பக்கம் பாருங்கள். அதற்கும் முன், பேட்டரி முனையில் வெள்ளையாகவோ பச்சையாகவோ தூள் பூத்திருக்கிறதா என்று கவனியுங்கள். அந்தத் தூளும் ஒரு தடைதான். சுத்தம் செய்து இறுக்கினாலே சில கார்கள் கிளம்பிவிடும்.

அந்தத் 'தம்'முக்குத்தான் சிசிஏ என்று பெயர். சுழியத்திற்குக் கீழே 18 பாகை செல்சியஸ் குளிரில், 30 வினாடிகளுக்கு, 7.2 வோல்ட்டுக்குக் கீழே இறங்காமல் பேட்டரி எத்தனை ஆம்பியர் தர முடியும் என்பதே அந்த எண். கேமரன் மலையிலும் அப்படிப்பட்ட குளிர் கிடையாது. நமக்கு எதற்கு என்று கேட்கலாம். நமக்கு அது உடல்நலச் சான்றிதழ் மாதிரி. புதிதில் 300, இன்று 60 என்றால் பேட்டரி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பது தெரிந்துவிடுகிறது. நம் ஊரில் பேட்டரியை அரிப்பது குளிரல்ல, எஞ்சின் அறையின் வெப்பம்.

பேட்டரியின் மேல் உள்ள இன்னொரு எண் ஆம்பியர்-மணி. இது 'எவ்வளவு வேகமாக' என்பதற்கல்ல, 'எவ்வளவு நேரம்' என்பதற்கு விடை. 35 ஆம்பியர்-மணி என்றால் 1.75 ஆம்பியர் வீதம் 20 மணி நேரம் தரும். அதே பேட்டரியை 5 மணி நேரத்தில் காலி செய்தால் 28 ஆம்பியர்-மணிதான் கிடைக்கும். என்எஸ்40இசட்எல் ரகத்தில் ஓர் இடத்தில் 35 என்றும் வேறோர் இடத்தில் 28 என்றும் காண்பதற்கு இதுவே காரணம். யாரும் ஏமாற்றவில்லை; அளந்த விதம் வேறு. 55 வாட் முன்விளக்குகள் இரண்டையும் அணைக்க மறந்தால் சுமார் 9 ஆம்பியர் ஓடும். 35-ஐ 9-ஆல் வகுத்து நான்கு மணி நேரம் தாங்கும் என்று நம்பிவிடாதீர்கள்.

கடையில் பலர் பயந்து கேட்கும் கேள்வி: "பெரிய ஆம்பியர் பேட்டரி போட்டால் ஒயரிங் கருகிவிடாதா?" கருகாது. மின்னோட்டத்தை முடிவு செய்வது மின்னழுத்தமும் தடையும். 12 வோல்ட் மாறவில்லை, விளக்கின் தடையும் மாறவில்லை. ஆகவே விளக்கு முன்பு இழுத்ததையே இப்போதும் இழுக்கும். பார்க்க வேண்டியது வேறு: தட்டில் உட்காருமா, கம்பி எட்டுமா? 55பி24எல் என்ற குறியீட்டில் 55 செயல்திறன் எண்; 'பி' அகல உயரம்; 24 சென்டிமீட்டர் நீளம்; 'எல்' முனைகள் அமைந்த பக்கம். 'எல்'லுக்குப் பதில் 'ஆர்' வாங்கிவந்தால் திரும்பவும் கடைக்கு நடக்க வேண்டியதுதான்.

பவர் பேங்க் வைத்திருப்பவர்கள் இதையும் கணக்கிட்டுப் பாருங்கள். அதில் 10,000 மில்லி ஆம்பியர்-மணி, அதாவது 10 ஆம்பியர்-மணி என்று போட்டிருக்கும். கார் பேட்டரியில் மூன்றில் ஒரு பங்கா? இல்லை. அது பெரும்பாலும் 3.7 வோல்ட்டுக்குச் சொன்ன கணக்கு. ஆற்றல் 37 வாட்-மணி. கார் பேட்டரியோ 12 × 35 = 420 வாட்-மணி. வோல்ட்டைச் சொல்லாமல் ஆம்பியர்-மணியை மட்டும் ஒப்பிடுவது, எந்த நாட்டுக் காசு என்று சொல்லாமல் விலை பேசுவது போல.

மாணவர்களுக்கு ஒரு கணக்கு. தீபாவளிக்குக் குடும்பத்தோடு வெளியூர் போகிறீர்கள். கார் விமான நிலையத்தில் நிற்கிறது. அதிலுள்ள டாஷ் கேமரா ஓயாமல் 3 வாட் இழுக்கிறது. பேட்டரி 12 வோல்ட், 35 ஆம்பியர்-மணி. பாதி மின்னூட்டமாவது மிஞ்சினால்தான் கார் கிளம்பும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை நாளுக்குள் திரும்ப வேண்டும்? விடை அடுத்த வாரம்.