ராஜினாமாக் கடிதத்துக்கு ஒரு பதில்

கிருஷ்ணகிரி

தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உன் பட்டறையின் ஜிக், ஃபிக்ஸ்சர், கேஜ் முதலிய கருவிகளை ஓசூர் சிப்காட்டிலிருந்து பொம்மசந்திரா வரையில் சுமந்து சென்று விற்றுக் கொடுத்த மனிதர் ராஜினாமாச் செய்துவிட்டார் என்றும், பெங்களூர்க் கம்பெனி சம்பளத்தைச் சற்றே கூட்டிக் காட்டியதும் விசுவாசத்தை உதறிவிட்டார் என்றும் மனம் நொந்து எழுதியிருக்கிறாய். அற்பத் தொகைக்காக ஒருவர், தாம் வருஷக்கணக்கில் வாசல் வாசலாக ஏறி இறங்கிச் சம்பாதித்த அறிமுகங்களை விட்டுவிட்டு, முன்பின் தெரியாத இடத்தில் அரிச்சுவடியிலிருந்து தொடங்க ஒப்புவார் என்று நான் நம்பவில்லை. அவர் போனதற்கான காரணம் உன் கடிதத்திலேயே, நீ போகிற போக்கில் எழுதிவிட்டுப் போன வரிகளில் இருக்கிறது: சித்திரையில் அவருடைய பிரதேசத்தை இரண்டாகப் பிரித்து, ஜூஜூவாடிக்கு இப்பால் அவருக்கு, அத்திப்பள்ளிக்கு அப்பால் புதிதாக வந்த பட்டதாரிப் பையனுக்கு என்று வகுத்தாயாம்; ஆனாலும் டார்கெட்டைக் குறைக்காமல் ஏற்றி வைத்தாயாம்.

தம்பி, அந்த மாநில எல்லைக் கோடு தேசப்படத்துக்கு உரியது. 1980-இல் ஓசூரில் டி.வி.எஸ். மொபெடும் அசோக் லேலண்ட் லாரியும் உற்பத்தியாகத் தொடங்கி, பின்னால் டைட்டன் கடிகாரத் தொழிற்சாலையும் வந்து, அவற்றின் நிழலில் நம்மைப் போன்ற சிறு பட்டறைகள் முளைத்த நாள் முதலாக, இந்த எல்லையின் இரு பக்கத்துத் தொழிலும் ஒரே குடும்பமாகத்தான் வளர்ந்திருக்கிறது. சிப்காட்டில் கொள்முதல் பிரிவில் குமாஸ்தாவாக இருந்தவர் நாலு வருஷத்தில் ஜிகணியில் மேனேஜராக உட்கார்ந்திருப்பார். அங்கே அவசரமாக ஒரு கேஜ் வேண்டுமென்றால் அவர் விரல் தேடுவது தமக்குப் பழகிய மனிதரின் நம்பரைத்தான். ஸ்டோர்ஸில் தமிழும், டூல்ரூம் ஃபோர்மனிடம் தெலுங்கும், அத்திப்பள்ளி தாண்டியதும் கன்னடமுமாகப் பேசி அவர் பின்னி வைத்த அந்த உறவை, மாநிலம் வேறு என்ற ஒரே காரணத்துக்காக நீ இன்னொருவர் கையில் எடுத்துக் கொடுத்தாய். மத்திய விற்பனை வரிக்கு ‘சி’ ஃபாரம் வாங்கிக் கொண்டு, சோதனைச் சாவடியில் லாரிகள் வரிசை கட்டி நின்ற காலத்தில் கணக்கைப் பிரித்து வைத்ததற்கு ஏதோ ஒரு நியாயம் இருந்தது. 2017 ஜூலை முதல் தேதி ஜி.எஸ்.டி. வந்து சாவடியே எடுபட்டுப் போன பின், அதைக் கொண்டுவந்து உன் ஆபீஸுக்குள் எழுப்பியிருக்கிறாய்.

நன்றாக விற்பவனைக் கண்டு நிர்வாகத்துக்கு ஒருவகை அசூயை பிறப்பது புதிய விஷயமல்ல. அமெரிக்காவில் நேஷனல் கேஷ் ரிஜிஸ்டர் கம்பெனியை நடத்திய ஜான் பாட்டர்சன், விற்பனை ஊழியனுக்கு இலக்கும் உறுதியான பிரதேசமும் வகுத்துக் கொடுத்து அந்தத் தொழிலையே சாஸ்திரமாக்கியவர். ஆனால் தலையெடுத்த ஆட்களைச் சகிக்கமாட்டாமல் ஒவ்வொருவராக வெளியேற்றினார். அப்படி வெளியேற்றப்பட்ட தாமஸ் வாட்சன் 1914-இல் போய்ச் சேர்ந்த சிறு கம்பெனிதான் பத்து வருஷத்தில் ஐ.பி.எம். என்று பெயர் மாற்றிக்கொண்டது. அந்த ஐ.பி.எம்.மும் அதே குழியில் விழுந்ததுதான் வேடிக்கை. ராஸ் பெரோ என்ற அதன் விற்பனையாளர் 1962-இல் அவ்வருஷத்துக்கான இலக்கு முழுவதையும் ஜனவரியிலேயே முடித்துவிட்டார். கமிஷனுக்கு உச்சவரம்பு வைத்திருந்தபடியால், எஞ்சிய பதினொரு மாதமும் அவர் விற்றாலும் விற்காவிட்டாலும் ஒன்றுதான் என்றாயிற்று. ஜூன் மாதம் சொந்தமாக ஒரு ஸ்தாபனம் தொடங்கினார்; அதை 1984-இல் ஜெனரல் மோட்டார்ஸ் இருநூற்றைம்பது கோடி டாலர் கொடுத்து வாங்கியது.

அடுத்து, சொன்ன தேதியில் சரக்குப் போய்ச் சேராத விஷயத்துக்கு வருகிறேன். பிரதேசம் போனதைவிட இதுவே அவரை அதிகமாக அறுத்திருக்கும். காலை ஷிப்டு மாறும் வேளையில் தொழிற்சாலை வாசலில் செக்யூரிட்டி ரிஜிஸ்தரில் பெயர் எழுதி, கேட் பாஸுக்குக் காத்து நின்று, எண்ணெய்த் தாளில் சுற்றிய கேஜை மேஜைமேல் வைத்து, “பத்தாம் தேதி மீதியும் வந்துவிடும் சார்” என்று அவர் சொல்வது தம்முடைய வாக்கையா? நீ சொல்லி அனுப்பியதைத்தானே! சரக்கு இருபத்தைந்தாம் தேதி போய்ச் சேருகிறபோது, லொக்கேட்டிங் பின் மில்லிமீட்டரில் நூறில் இரண்டு பங்கு தவறி லைன் நின்றுபோகிறபோது, உன் முகம் அங்கே எவருக்கும் தெரியாது. ஏச்சு முழுவதும் அவர் தலையில். போதாக்குறைக்குப் பாக்கி வசூலுக்கும் அவரையே அனுப்புகிறாய். காலையில் கடன்காரனைப் போல நின்ற வாசலில் மாலையில் ஆர்டர் கேட்டு நிற்க எவனுக்குக் கூசாது? சிறு தொழில்களிடம் வாங்கிய சரக்குக்கு நாற்பத்தைந்து நாளுக்குள் பணம் தரவேண்டுமென்று 2006-ஆம் வருஷத்துச் சட்டம் வாங்குகிறவனைக் கட்டுப்படுத்துகிறது. அதைக் காட்டிக் கடிதம் எழுதவேண்டியது உன் கணக்குப்பிள்ளையின் வேலை. அதைச் செய்யாமல், பணம் வரும்வரை கமிஷனையும் நிறுத்தி வைத்திருக்கிறாய்.

கைபேசியில் ஆள் எங்கே நிற்கிறார் என்று பார்க்க நீ செய்த ஏற்பாட்டைப் பற்றி நான் அதிகம் எழுதப் போவதில்லை. லக்ஷக்கணக்கான ரூபாய்ச் சரக்கை எவருக்குக் கடனாகக் கொடுக்கலாம் என்பதில் அவர் சொல்லை நம்பிய நீ, அவர் டீக்கடையில் நின்ற பத்து நிமிஷத்தை நம்ப மறுத்தாய் என்பதைமட்டும் யோசித்துப் பார்.

நிபந்தனைகளை எழுத்தில் வைப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. மருந்துக் கம்பெனிப் பிரதிநிதிகளுக்காக 1976-இல் இயற்றிய விற்பனை மேம்பாட்டு ஊழியர் சட்டம், நியமனக் கடிதத்தைக் கட்டாயமாக எழுதிக் கொடுக்கவேண்டும் என்று விதித்தது. வாய்வார்த்தையாகப் பேசிய சம்பளமும் பிரதேசமும் முதலாளியின் மனம்போல் மாறுவதைக் கண்டே அத்தகைய விதி தேவைப்பட்டிருக்க வேண்டும். உனக்குச் சட்டம் சொல்ல வரவில்லை; ஆனால் கமிஷன் விகிதம், பிரதேசம், அதை மாற்றுவதானால் எத்தனை மாத முன்னறிவிப்பு, விட்டுக்கொடுக்கும் வாடிக்கையிலிருந்து எவ்வளவு காலம் பங்கு என்பவற்றை எழுத்தில் வைப்பதற்கு எந்தச் சட்டமும் வேண்டியதில்லை.

இப்போது செய்யவேண்டியது இது. நோட்டீஸ் காலம் முடியட்டும் என்று இழுக்காமல் நிறுத்தி வைத்த கமிஷனை இந்த வாரமே கணக்குத் தீர்த்துக் கொடு. அவருடைய வீட்டுக்கு நீயே போ. திரும்பி வரும்படி கேட்காதே, அவர் வரமாட்டார், வற்புறுத்துவது அவருக்கும் தர்மசங்கடம். எந்தெந்த ஆர்டருக்கு என்ன தேதி சொல்லியிருக்கிறார் என்று கேட்டு ஒரு தாளில் குறித்துக்கொள். அந்தத் தேதிகளைக் காப்பாற்று. மீதமிருக்கும் இரண்டு ஆட்களும், அந்தப் பட்டதாரிப் பையன் உட்பட, அவர் எப்படி அனுப்பப்படுகிறார் என்பதைப் பேசாமல் கவனித்துக்கொண்டிருக்கிறார்கள்.

அடுத்த மாதம் பெங்களூருக்குப் போகும் வழியில் ஓசூரில் இறங்குகிறேன். மீதமிருப்பவர்களுக்குக் கொடுக்கவேண்டிய புதிய நியமனக் கடிதத்தின் வரைவை எழுதி வை. மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் இருவருமாக உட்கார்ந்து வரி வரியாகப் பார்த்துவிடலாம்.

இப்படிக்கு,
ஆசீர்வாதங்களுடன்,
உன் பெரியப்பா