இருபது லட்சமும் முப்பது நாளும்

(மூன்றாமாண்டு, மின்னியல் துறை)



டிப்ளமோ முடித்ததும் நம் எல்லோருக்கும் கம்பெனி வேலை கிடைத்துவிடப் போவதில்லை. சிலர் வயரிங் காண்ட்ராக்ட் எடுப்போம். சிலர் மோட்டார் ரீவைண்டிங் கடை போடுவோம். ஓம் விதியைப் படித்த நாம் பில் புத்தகத்தின் விதியைப் படிக்கவில்லை. என் தாய்மாமா கையைச் சுட்டுக்கொண்டு கற்ற அந்தப் பாடத்தை இங்கே எழுதுகிறேன்.

மாமா கொடைரோட்டில் வயரிங் காண்ட்ராக்டர். பொங்கல் லீவில் அவருடைய பில் புத்தகங்களைக் கூட்டிப் பார்த்தேன். ஏப்ரல் முதல் போட்ட பில்கள், நவம்பர் 10-ஆம் தேதியே 20 லட்சத்தைத் தாண்டியிருந்தன.

"மாமா, ஜி.எஸ்.டி. எடுக்கலையா?"

"போடா மாப்ளே! ஒயரு, பைப்பு, பசங்க கூலி எல்லாம் போக நாலு லட்சம் நின்னா பெரிசு. எனக்கெதுக்கு அதெல்லாம்?"

தவறு இங்கேதான். சட்டம் பார்ப்பது லாபத்தை அல்ல, மொத்த பில் தொகையை. 2017 ஜூலை 1-இல் வந்த ஜி.எஸ்.டி. சட்டப்படி, நம் மாநிலத்தில் சேவைத் தொழிலுக்கு ஒரு நிதியாண்டில் வரம்பு 20 லட்சம். பொருள் மட்டும் விற்பவருக்கு 40 லட்சம். சாமானும் கூலியும் சேர்த்துக் கட்டடத்தில் வயரிங் செய்வது ஒர்க்ஸ் காண்ட்ராக்ட். அது சேவைக் கணக்கில் வரும். ஒரே பான் எண்ணில் இரண்டு தொழில் செய்தால், இரண்டையும் கூட்ட வேண்டும்.

வரம்பைத் தாண்டிய நாளிலிருந்து 30 நாளுக்குள் மனு செய்ய வேண்டும். செய்தால், தாண்டிய நாளிலிருந்தே பதிவு செல்லும். அதற்கு முந்தைய நாள் கையிருப்பில் இருந்த சாமானுக்குக் கட்டிய வரியையும் கழித்துக்கொள்ளலாம். தாமதித்தால், பதிவு கிடைத்த நாளிலிருந்துதான் செல்லும். அந்தக் கழிவும் போய்விடும். வரி மட்டும் போகாது!

மாமாவின் கணக்கைப் பாருங்கள்:

நவம்பர் 10-க்குப் பின் போட்ட பில்: ரூ.3,00,000
18 சதவீத வரி: ரூ.54,000
ஆண்டுக்கு 18 சதவீத வட்டி: மாதம் ரூ.810

வேலை கொடுத்தவரிடம் மாமா கேட்டார். "பில் செட்டில் பண்ணியாச்சு, இப்ப வந்து வரி கேட்டா எப்படி?" என்று கையை விரித்துவிட்டார். அத்தையின் வளையல் அடகுக்குப் போனது. பதிவு செய்யாததற்கு 10,000 ரூபாய் அல்லது ஏய்த்த வரி, எது அதிகமோ அது அபராதம் என்றும் சட்டத்தில் உண்டு. நல்லவேளை, "நோட்டீஸ் வருமுன் நாமே வரியும் வட்டியும் கட்டிவிடுவோம், மோசடி எண்ணம் இல்லையென்றால் அபராதம் வராது" என்று ஆடிட்டர் வழி சொன்னார்.

கையில் பணமாக வாங்காவிட்டால் என்ன, போனில் வருவது யாருக்குத் தெரியும் என்று நினைக்காதீர்கள். 2025 ஜூலையில் கர்நாடகத்தில் பேக்கரி, டீக்கடை, காய்கறிக் கடைக்காரர்களுக்கெல்லாம் யு.பி.ஐ. வரவை வைத்து நோட்டீஸ் போனது. பயந்துபோய்ப் பலர் க்யூ.ஆர். அட்டையையே கழற்றினார்கள். ஜூலை 23 அன்று முதல்வர் சித்தராமையா வணிகர்களைச் சந்தித்து, பழைய பாக்கி வசூலிக்கப்படாது, ஆனால் பதிவு செய்தாக வேண்டும் என்றார். எல்லோருக்கும் எப்போதும் அப்படி விலக்கு கிடைக்குமா?

ஆகவே நண்பர்களே,

1. ஏப்ரல் 1 முதல் ஒவ்வொரு பில்லையும் கூட்டி எழுதி வாருங்கள்.
2. 15 லட்சம் வந்ததும் ஆடிட்டரைப் பாருங்கள்.
3. பான், ஆதார், இட ஆதாரம், வங்கிக் கணக்கு விவரங்களைத் தயாராக வையுங்கள். பதிவுக்கு அரசுக் கட்டணம் கிடையாது.
4. பதிவு எண் இல்லாமல் பில்லில் வரி போட்டு வசூலிக்காதீர்கள்.

வரம்புக்குள் இருப்பவர் வீணாகப் பயப்பட வேண்டாம். தாண்டியவர் தள்ளிப்போட வேண்டாம். மாமா இப்போது தினமும் இரவு பில்லைக் கூட்டிவிட்டுத்தான் சாப்பிட உட்காருகிறார். வளையல் இன்னும் திரும்பவில்லை.