சமயத் தலைவர்களும் சுகாதாரக் கல்வியும்

சுகாதாரத் திட்டங்களின் வெற்றிக்கு மருந்தும் பணியாளர்களும் மட்டும் போதுமானவை அல்ல. மக்களின் நம்பிக்கையும் இன்றியமையாதது. அந்நம்பிக்கையைப் பெறுவதில் சமயத் தலைவர்களின் பங்கு யாது என்பதற்கு உத்தரப் பிரதேசத்தில் நடைபெற்ற இளம்பிள்ளை வாத ஒழிப்புப் பணி சிறந்த சான்றாகும்.

ஐயத்தின் வேர்

இந்தியாவில் பல்ஸ் போலியோ திட்டம் 1995-இல் தொடங்கப்பட்டது. ஆயினும் 2002-இல் நாட்டில் 1,600 பேர் இந்நோய்க்கு இலக்காயினர். அவர்களுள் 1,242 பேர் உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்தவர்கள். நோயுற்றோருள் முஸ்லிம் குழந்தைகளின் விகிதம், மக்கள்தொகையில் அச்சமூகத்தின் விகிதத்தைவிட மிக அதிகமாக இருந்தது.

சொட்டு மருந்து பிள்ளைகளை மலடாக்கிவிடும் என்ற வதந்தி பல இடங்களில் பரவியிருந்தது. ஆனால் மறுப்புக்கு வதந்தி மட்டுமே காரணமன்று. மருத்துவரும் நல்ல குடிநீரும் கழிவுநீர் வடிகாலும் எட்டாத குடியிருப்புகளுக்குச் சொட்டு மருந்து மட்டும் மீண்டும் மீண்டும் வீடு தேடி வந்தது. “இது மட்டும் ஏன்?” என்று பெற்றோர் கேட்டனர். இக்கேள்வியை அறியாமை என ஒதுக்குவது முறையாகாது.

கற்பித்தலும் கேட்டலும்

யுனிசெப் துணையுடன் அமைந்த சமூகப் பணியாளர் அமைப்பு உள்ளூர்ப் பெண்களை வீடுதோறும் அனுப்பியது. அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகம், ஜாமியா மிலியா இஸ்லாமியா, ஜாமியா ஹம்தர்த் ஆகியவை இம்முயற்சிக்குத் துணை நின்றன. இமாம்களும் மதரசா ஆசிரியர்களும் மருந்து பற்றிய விளக்கத்தைப் பெற்றனர். பள்ளிவாசல் ஒலிபெருக்கிகள் முகாம் நாளை அறிவித்தன.

இத்தகைய பணியில் அறிவிப்பு மட்டும் பயன் தராது. பலமுறை மருந்து தருவது ஏன் என்று கேட்கும் தாய்க்கு இமாம் விடை கூற வேண்டும். நெரிசலும் சுகாதாரக் கேடும் மிகுந்த இடங்களில் வயிற்றுப்போக்கினாலும் பிற குடல் தொற்றுகளாலும் சொட்டு மருந்தின் பலன் குறைகிறது. எனவே பல தவணைகள் தேவைப்படுகின்றன. காரணத்தை அறிந்தவரே பிறருக்கு அதை விளக்க இயலும்.

மக்களின் கேள்விக்கு நிர்வாகமும் செவிசாய்த்தது. 2009-இல் உத்தரப் பிரதேசத்தில் 66, பீகாரில் 41 என 107 வட்டாரங்களுக்குத் தனித் திட்டம் வகுக்கப்பட்டது. கைகழுவுதல், தாய்ப்பால் ஊட்டுதல், வயிற்றுப்போக்கு சிகிச்சை, வழக்கமான தடுப்பூசிகள் ஆகியவை சொட்டு மருந்துடன் இணைக்கப்பட்டன.

பயனும் படிப்பினையும்

2009-இல் 741 ஆக இருந்த நோயாளிகளின் எண்ணிக்கை 2010-இல் 42 ஆகக் குறைந்தது. கடைசி நோயாளி 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் ஹவுரா மாவட்டத்தில் கண்டறியப்பட்டார். 2014 மார்ச் 27 அன்று இந்தியா உள்ளிட்ட தென்கிழக்கு ஆசிய மண்டலம் இந்நோயற்றதெனச் சான்றளிக்கப்பட்டது. 2010-இல் அறிமுகமான, இருவகைக் கிருமிகளைத் தடுக்கும் புதிய சொட்டு மருந்துக்கும் இவ்வெற்றியில் பெரும்பங்கு உண்டு.

எனினும், அம்மருந்தைக் குழந்தைகள் ஏற்க நம்பிக்கை வேண்டியிருந்தது. சமயத் தலைவரை அரசின் ஒலிபெருக்கியாகக் கருதுவது பிழை. மக்களின் ஐயங்களை அலுவலர்களிடம் கொண்டுவருபவரும் அவரே. நோய் பரவிய பின் அவரை நாடுவதினும், முன்கூட்டியே அவருக்குச் சுகாதாரக் கல்வி அளித்து, அவர் கொணரும் குறைகளைக் களைவதே நிர்வாகத்தின் கடமையாகும்.