நின்று வேலை பார்க்க: மேசை வாங்கும் முன் ஒரு வாரம்

வீட்டிலிருந்தே லேப்டாப்பில் வேலை பார்த்து இடுப்பு பிடித்துக்கொள்கிறதா? ஸ்டாண்டிங் டெஸ்க்குக்குப் பணம் போடும் முன், வீட்டில் இருப்பதை வைத்தே ஒரு வாரம் பழகிப் பாருங்கள்.

1. அடுப்பும் தண்ணீர்க் குழாயும் எட்டாத பக்கமாக, சமையல் மேடையில் தனிக் கீபோர்டை வையுங்கள். முழங்கையை மடக்கினால் கை நேராகக் கீபோர்டில் படிய வேண்டும். மேடை தாழ்வாக இருந்தால் கீபோர்டுக்கு அடியில் ஒரு மணையைப் போடுங்கள். தோள் தூக்கிக்கொண்டு நின்றால் உயரம் அதிகம் என்று அர்த்தம்.

2. லேப்டாப்பைக் கனமான புத்தகங்களின் மேல் ஏற்றி, திரையின் மேல் விளிம்பைக் கண் மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். குனிந்தே நின்றால் இடுப்பு வலி போய்க் கழுத்து வலி வரும்.

3. முதல் நாள் 15 நிமிடம் போதும், பிறகு உட்காருங்கள். நாள் முழுக்க நின்றால் கால் வீங்கும். மாறி மாறி நிற்பதும் உட்காருவதும்தான் நல்லது.

4. வெறும் டைல்ஸில் நிற்காதீர்கள், குதிகால் வலிக்கும். யோகா மேட்டை மடித்துப் போடுங்கள்.

5. ஒரு காலைச் சிறு முக்காலியில் வையுங்கள். அவ்வப்போது கால் மாற்றுங்கள். இடுப்புக்கு இதமாக இருக்கும்.

காலில் நரம்புச் சுருட்டல் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்ட பிறகே தொடங்குங்கள்.