பரிசோதனைச் சீட்டை வாசிக்கும் முறை

நமது சங்க அங்கத்தினர் வீடுகளில் பாஸ் புத்தகம், பட்டா, காப்பீட்டுப் பத்திரம் ஆகியவற்றோடு இப்பொழுது மற்றொரு வகைக் காகிதமும் சேர்ந்து வருகிறது. பரிசோதனைக் கூடத்திலிருந்து வரும் சீட்டே அது. இடப்புறம் சோதனையின் பெயர். நடுவில் ஓர் எண். வலப்புறம் ‘இயல்பான அளவு’ என்று இரண்டு எண்கள். நடுவிலுள்ள எண் அவ்விரண்டுக்கும் இடையே அடங்கிவிட்டால் மனம் அமைதியடைகிறது. வெளியே போய்த் தடித்த எழுத்தில் அச்சாகியிருந்தால் வீடே கலங்குகிறது. அந்த அமைதியும் சரி, கலக்கமும் சரி, சில சமயம் காரணமற்றவை. நோயாளியை வீட்டில் பேணுபவர் பெரும்பாலும் மகளோ மருமகளோ ஆவர். அவர்களுக்குப் பயன்படும் சில செய்திகளை இங்கே கூற விரும்புகிறோம்.

அந்த இயல்பான அளவு எவ்வாறு ஏற்பட்டது? நோயற்றவர் பலரைச் சோதித்து, அவர்களுள் 100க்கு 95 பேருடைய எண்கள் எந்த எல்லைக்குள் அடங்குகின்றனவோ, அதனையே பெரும்பாலான சோதனைகளுக்கு அளவாக வைத்திருக்கின்றனர். ஆகவே நல்ல சுகத்தோடிருப்பவர்களிலும் 20 பேருக்கு ஒருவர் எல்லைக்கு வெளியே நிற்பார். இருபது முப்பது சோதனைகளை ஒருசேரச் செய்யும் ‘முழு உடல் பரிசோதனை’யில் ஏதேனும் ஓர் எண் தடித்த எழுத்தில் வருவது வியப்பன்று. சர்க்கரை, கொழுப்பு போன்றவற்றின் எல்லைகள் மட்டும் பின்னால் விளையக்கூடிய தீங்கைக் கருதி வேறு விதமாக வகுக்கப்பட்டவை.

எண்ணை அதன் அளவையோடு சேர்த்தே வாசித்தல் வேண்டும். நெசவாளர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை. பருத்தி நூலில் 40ஆம் நம்பரைவிட 100ஆம் நம்பர் மெல்லியது; ஒரு பவுண்டு எடைக்கு 840 கஜச் சிட்டங்கள் எத்தனை என்பதே அந்த நம்பர். பட்டு நூலிலோ 9,000 மீட்டரின் கிராம் எடை டெனியர் எனப்படும். அங்கே எண் ஏறினால் நூல் தடிக்கும். சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ வேலை செய்யும் மகன், வெறும் வயிற்றில் தன் சர்க்கரை 7 என்று எழுதினால், ‘வெறும் ஏழுதானே’ என்று எண்ணிவிடலாகாது. அங்கே மில்லிமோல் கணக்கு. அதனை 18ஆல் பெருக்கினால் நமது மில்லிகிராம் கணக்கில் 126 ஆகும். நீரிழிவு என்று கூறும் எல்லை அங்கேதான் தொடங்குகிறது.

இனி, நமக்கு மிகுந்த கவலை தரும் ஒன்றுக்கு வருவோம். அது கிரியேட்டினின். தசையிலிருந்து உண்டாகும் கழிவுப்பொருள் இது. சிறுநீரகங்கள் இதனை வடிகட்டி வெளியேற்றுகின்றன. அவை தளர்ந்தால் இது இரத்தத்தில் தேங்கி, எண் உயரும். இதனை அளக்க ஜெர்மானியரான யாபே 1886இல் கண்ட நிறமாற்ற முறையை இன்றும் பல கூடங்கள் கையாளுகின்றன. ஆயின் தசை குறைந்தவர் உடலில் இந்தக் கழிவும் குறைவாகவே உண்டாகும் என்பதைச் சீட்டு சொல்வதில்லை.

வயலில் உழைக்கும் 25 வயது இளைஞர் ஒருவர்க்கும், ராட்டையில் தார் சுற்றும் 70 வயது மூதாட்டி ஒருவர்க்கும் கிரியேட்டினின் 1.2 என்றே வந்ததாகக் கொள்வோம். பல சீட்டுகளில் இந்த எண் எல்லைக்குள்ளேயே இருக்கும். வயதையும் பாலையும் சேர்த்துக் கணக்கிடும் 2021ஆம் ஆண்டுச் சூத்திரத்தில் இட்டுப் பார்த்தால், இளைஞருடைய சிறுநீரகங்களின் வடிகட்டும் திறன் சுமார் 86 என்றும், மூதாட்டியுடையது சுமார் 49 என்றும் வருகின்றன. இத்திறன் 60க்குக் கீழே மூன்று மாதத்திற்கு மேல் நிலைத்திருந்தால் நாட்பட்ட சிறுநீரக நோய் என்பது மருத்துவர் கொள்கை. மூதாட்டி மிக மெலிந்தவராயின் உண்மைத் திறன் கணக்கில் வந்ததைவிடவும் குறைந்திருக்கக் கூடும். சீட்டில் இஜிஎப்ஆர் என்று அச்சாகியிருப்பது இந்தத் திறனே. கிரியேட்டினின் ஏறினால் கேடு. இஜிஎப்ஆர் இறங்கினால் கேடு. பருத்தி நம்பரும் டெனியரும் போலவே இவை எதிரெதிர்த் திசையில் செல்வன.

இதனை இவ்வளவு விரித்துக் கூறுவதற்குக் காரணம் உண்டு. குழித்தறியில் அமர்ந்தும், நாற்று நட்டும் முதுகு தேய்ந்தவர்கள் நாம். வலி மிகுந்தால் கடையில் டைக்ளோபெனாக், ஐபுபுரோபென் போன்ற மாத்திரைகளைத் தாமே வாங்கி நாள்தோறும் விழுங்குவோர் நம்மிடையே பலர். தளர்ந்த சிறுநீரகத்திற்கு இவை பெருங்கேடு. இரத்த அழுத்த மாத்திரையோ, நீர் பிரியும் மாத்திரையோ உண்பவர்க்கும், வெயிலில் நீரின்றி உழைப்பவர்க்கும் அக்கேடு மிகும். ‘கிரியேட்டினின் சரியாயிருக்கிறது’ என்ற தைரியத்தில் இவற்றைத் தொடர்வோர் பின்னர் டயாலிசிஸ் செய்யும் இடத்தில் போய் நிற்க நேரிடலாம். ஆதலின் வீட்டுப் பெரியவர்களின் சீட்டில் இஜிஎப்ஆர் உள்ளதா என்று பாருங்கள். இல்லையெனில் மருத்துவரைக் கணக்கிட்டுச் சொல்லக் கேளுங்கள். வலிக்கு வேறு மருந்து உண்டா என்றும் கேளுங்கள். நீரிழிவோ இரத்த அழுத்தமோ உள்ளவர்க்குச் சிறுநீரில் ஆல்புமின் சோதனையும் வேண்டும். கிரியேட்டினின் ஏறுவதற்கு முன்பே அது பழுதைக் காட்டிவிடும். ஒன்றை எச்சரிக்கிறோம்: பயந்துகொண்டு இரத்த அழுத்த மாத்திரையைத் தாமே நிறுத்துதல் கூடாது.

அடுத்தது ஹீமோகுளோபின். பெண்களுக்கு 12, ஆண்களுக்கு 13 கிராமுக்குக் குறைந்தால் சோகை. கர்ப்பிணிகளுக்கு 11, நடு மூன்று மாதங்களில் மட்டும் 10.5 என்று உலக சுகாதார நிறுவனம் 2024இல் வகுத்தது. 2019-21இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வில், 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களுள் 100க்கு 57 பேருக்குச் சோகை காணப்பட்டது. ‘எல்லோருக்கும் இருப்பதுதானே’ என்று விடுவதற்கு அது காரணமாகாது. சோகை என்பது முடிவன்று. ஏன் வந்தது என்று கேட்க வேண்டும். அதே சீட்டில் எம்சிவி என்னும் எண் இருக்கும். 80க்குக் கீழே இறங்கினால் பெரும்பாலும் இரும்புக் குறைவு, சிலரிடம் பரம்பரையாக வரும் தலசீமியாக் கூறு. 100க்கு மேல் ஏறினால் பி12 அல்லது போலிக் அமிலக் குறைவு இருக்கக்கூடும். ஆண்களுக்கும், மாதவிலக்கு நின்ற பெண்களுக்கும் இரும்பு குறைந்தால் எங்கோ இரத்தம் கசிகிறதா என்று தேடியே ஆகவேண்டும். மூலம், வயிற்றுப் புண், வெறுங்காலில் மண் மிதிப்போர்க்கு வரும் கொக்கிப்புழு, குடலில் புற்று என எதுவும் இருக்கலாம். மாத்திரை கொடுத்து எண்ணை மட்டும் உயர்த்திவிட்டால் புற்று மறைந்தே வளரும். எண் சரியான பிறகும் ஏறத்தாழ மூன்று மாதம் மாத்திரை உண்டால்தான் உடலின் இருப்பு நிரம்பும். மாத்திரையோடு தேநீர் வேண்டா.

சோகை மற்றோர் எண்ணையும் குழப்பும். எச்பிஏ1சி என்பது இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் கணக்கு, 6.5 எட்டினால் நீரிழிவு என்பர். சிவப்பணுக்களில் ஒட்டிய சர்க்கரையையே அது அளக்கிறது. இரும்புக் குறைவில் அது பொய்யாக ஏறலாம். அண்மையில் இரத்தம் இழந்தவர்க்கும், இரத்தம் ஏற்றப்பட்டவர்க்கும் பொய்யாக இறங்கலாம். ஹீமோகுளோபினைப் பார்க்காமல் இதனை வாசித்தல் பாதிக் கணக்கேயாம்.

காய்ச்சல் காலத்தில் வரும் வைடால் சோதனை பற்றி ஒரு சொல். பிரெஞ்சு மருத்துவர் விடால் 1896இல் கண்டது இது. முன்பு எப்பொழுதோ வந்த காய்ச்சலும், போட்ட தடுப்பூசியும்கூட இதில் தெரியலாம். ஒருமுறை செய்த வைடாலைக் கொண்டு டைபாய்டு என்று உறுதி செய்வதை நாம் ஏற்பதற்கில்லை. கிருமி வளர்த்துப் பார்க்கும் இரத்தச் சோதனையே மேலானது. கிருமிக்கொல்லி மருந்து தொடங்குமுன் அதற்கு இரத்தம் எடுத்துவிட வேண்டும்.

வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். சீட்டுகளைத் தேதி வாரியாக ஒட்டி, இரத்தம் எடுத்தது வெறும் வயிற்றிலா, அப்பொழுது காய்ச்சல் இருந்ததா, என்னென்ன மருந்து உண்டார் என்பவற்றை அருகில் எழுதுக. கடையில் வாங்கிய வலி மாத்திரையையும் நாட்டு மருந்தையும் விடாது எழுத வேண்டும். கூடுமானவரை ஒரே கூடத்தில் சோதியுங்கள். கிரியேட்டினின் 0.7 இருந்தவர்க்கு ஓராண்டில் 1.1 ஆனால், தடித்த எழுத்து இல்லாவிடினும் அந்த இரண்டு சீட்டையும் கிராம சுகாதாரச் செவிலியரிடம் சேர்த்துக் காட்டுங்கள்.