நேர்த்தி இருக்கு, விரதம் இருக்கா?

"21 கிலோமீட்டர்தானே அண்ணே? வாரா வாரம் பூட்சால் ஆடுற காலு. ஓடிடலாம்!"

கிள்ளான் தம்பி ஒருவன் அரை மாரத்தானுக்குப் பெயர் கொடுத்துவிட்டு இப்படிச் சொன்னான். 5 கிலோமீட்டருக்கு மேல் அவன் ஓடியதே இல்லை. அது தெரிந்தும், "மனம் இருந்தால் மார்க்கம் உண்டு தம்பி" என்று தட்டிக்கொடுத்தவன் நான்தான்.

விடியும் முன்பே மெர்டேக்கா சதுக்கத்தில் ஓட்டம் தொடங்கியது. முதல் 8 கிலோமீட்டர் என்னை முந்தியே போனான். 15ஆவது கிலோமீட்டரில் பார்த்தால் தள்ளாடி நடக்கிறான். "என்னடா ஆச்சு?" என்றால் சம்பந்தமில்லாமல் ஏதோ சொல்கிறான். மருத்துவக் குழுவினர் உட்காரவைத்து, ஐஸ் வைத்து உடம்பைக் குளிரவைத்தார்கள். மாலையில்தான் தெளிந்தான். "முன்னாடியே நிறுத்தணும்னு தோணுச்சுண்ணே. வாட்சாப்புல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேனே, எப்படி நிறுத்துறது?" என்றான். அந்தக் கேள்விக்கு நானும் பொறுப்பு.

உடம்பில் என்ன நடக்கிறது?

வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம். அதிகாலையில் இன்னும் அதிகம். வியர்வை வழியும், ஆனால் காயாது. உள்ளே சூடு ஏறும். பேச்சு குழறுவது, தள்ளாடுவது, ஆள் இடம் தெரியாமல் தடுமாறுவது எல்லாம் வெறும் களைப்பு அல்ல; ஆபத்து. உடனே நிறுத்தி, தண்ணீர் ஊற்றிக் குளிரவைத்து, 999க்கு அழைக்க வேண்டும்.

1904இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக் மாரத்தானில் 32 பேர் ஓடத் தொடங்கி, 14 பேரே முடித்தார்கள். வெயில், புழுதி, தண்ணீர்ப் பற்றாக்குறை. பாஸ்டன் மாரத்தானில் வென்றவர்களே பாதியில் விட்டார்கள். பழகியவர்களுக்கே இந்தக் கதி என்றால், பழகாதவனுக்கு?

பத்துமலை சொல்லும் பாடம்

தைப்பூசத்துக்கு ஜாலான் துன் எச்.எஸ். லீ மாரியம்மன் கோயிலிலிருந்து வெள்ளி ரதத்தோடு சுமார் 15 கிலோமீட்டர் நடக்கிறோம். 272 படி ஏறுகிறோம். காவடி எடுப்பவர் அன்று காலையிலா முடிவு செய்கிறார்? பலர் 48 நாள் விரதம் இருக்கிறார்கள். உணவு, உறக்கம், பேச்சு எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்துகிறார்கள். நேர்த்தி ஒரு நொடியில் வைக்கலாம். அதைத் தாங்கும் உடம்பையும் மனசையும் நாள் நாளாகத்தான் உருவாக்க முடியும்.

திருவள்ளுவர் 'வலியறிதல்' என்று ஓர் அதிகாரமே வைத்தார். தன் பலம் தெரியாமல் வேகத்தை மட்டும் நம்பிக் கிளம்பினால் நடுவழியில் ஒடிந்துபோவோம் என்பது அதில் வரும் எச்சரிக்கை. மனம் இருந்தால் மார்க்கம் உண்டு, சரிதான். ஆனால் பயிற்சிதான் அந்த மார்க்கம். இதைத்தான் அன்று நான் தம்பிக்குச் சொல்லாமல் விட்டேன்.

நாம் செய்ய வேண்டியது

1. அரை மாரத்தானுக்குக் குறைந்தது மூன்று, நான்கு மாதம் முன்பே தொடங்குங்கள். தூரத்தை வாரா வாரம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். மூச்சு சீக்கிரம் பழகும். முட்டியும் தசைநாரும் மெதுவாகத்தான் பழகும்.
2. கூட்டமாகப் பயிற்சி செய்யுங்கள். பிரிக்பீல்ட்ஸ்காரர்களுக்குப் பெர்டானா தாவரவியல் பூங்கா பக்கம்; கிள்ளானில் தாமான் ராக்யாட் இருக்கிறது.
3. பயிற்சி போதவில்லையா? 5 அல்லது 10 கிலோமீட்டர் பிரிவுக்குப் பெயர் கொடுங்கள். அது தோல்வி அல்ல.
4. காய்ச்சல், நெஞ்சுவலி, மயக்கம் இருந்தால் ஓடாதீர்கள், மருத்துவரைப் பாருங்கள்.

அந்தத் தம்பி இப்போது சனிக்கிழமை காலையில் என்னோடு ஓடுகிறான். 10 கிலோமீட்டர் முடித்துவிட்டான். "அடுத்தது எப்போண்ணே?" என்று கேட்டான். "உடம்பு சொல்லும்டா" என்றேன்.

கலந்துரையாட

- தயாராகாமல் நான் ஏற்றுக்கொண்ட பொறுப்பு எது? அதில் யாருக்குப் பாதிப்பு வந்தது?
- பாதியில் நிறுத்துவது எப்போது கோழைத்தனம், எப்போது விவேகம்?
- நண்பனை உற்சாகப்படுத்துவதற்கும் உசுப்பேற்றுவதற்கும் என்ன வித்தியாசம்?